13 ஃபீடரில் மீட்டர் மாட்டியாச்சு, பில் குறையவில்லை. அளவீடுகளை வைத்து எங்கே தொடங்குவது?

கோவை_மோல்டிங் (கேள்வி)

வணக்கம். கோயம்புத்தூர் பக்கம் பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் யூனிட். எச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு, ஒப்பந்த டிமாண்ட் (மின்வாரியத்தோடு ஒப்புக்கொண்ட அதிகபட்ச லோடு) 250 கேவிஏ. 80 டன்னிலிருந்து 350 டன் வரை 12 மெஷின், 37 கிலோவாட் ஸ்குரூ கம்ப்ரசர் ஒன்று, சில்லர், கூலிங் டவர், ஸ்கிராப் அரைக்க ஒரு கிரைண்டர். காலை 6 மணி முதல் இரவு 10 வரை 2 ஷிஃப்ட், ஞாயிறு விடுமுறை. மாதம் சுமார் 52,000 யூனிட்.

3 மாதம் முன்பு மெயின் பேனலிலும் அதிலிருந்து பிரியும் 13 ஃபீடரிலும் (லைனிலும்) மல்டிஃபங்ஷன் மீட்டர் போட்டு மோட்பஸ் (மீட்டர் ரீடிங்கை அனுப்பும் டேட்டா லைன்) வழியாக ஒரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தோம். நிமிடத்துக்கு ஒரு ரீடிங். லைட்டிங், ஆபீஸ் உட்பட எல்லா ஃபீடரும் இதில் அடக்கம். திரையில் கிராஃப் அழகாக ஓடுகிறது, பில் அப்படியேதான் வருகிறது.

இதுவரை கவனித்தவை: பில்லில் பதிவான டிமாண்ட் 196 முதல் 204 வரை, ஆனால் 225-க்குப் பணம் கட்டுகிறோம். பவர் ஃபேக்டர் (கேவிஏவில் எவ்வளவு கிலோவாட் என்ற விகிதம்) 0.92. ஆள் இல்லாத இரவிலும் ஞாயிறிலும் மெயினில் 22 கிலோவாட் ஓடுகிறது. 13 ஃபீடரையும் கூட்டினால் மெயினை விட 14 சதவீதம் குறைவு. ஒருவர் மெஷின்களுக்கு சர்வோ (தேவைக்கேற்ப வேகம் மாறும் பம்ப் மோட்டார்) போடச் சொல்கிறார், இன்னொருவர் சோலார் போடச் சொல்கிறார். எதை முதலில் பார்ப்பது?

பேனல்_வயரிங்

முதலில் அந்த 14 சதவீதம். அது தீராமல் மேற்கொண்டு எந்தக் கணக்கும் போடாதீர்கள். 2, 3 சதவீதம் வித்தியாசம் என்றால் கேபிள் இழப்பு, மீட்டர் கிளாஸ் (துல்லியத் தரம்) என்று விடலாம். 14 என்றால் ஏதோ ஒரு சி.டி. (மீட்டருக்காகக் கரன்ட்டைச் சிறிதாக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) தவறாக இருக்கிறது.

ஒவ்வொரு மீட்டரிலும் மொத்தக் கிலோவாட்டைப் பார்க்காமல் ஆர், ஒய், பி என்று பேஸ் வாரியாகப் பாருங்கள். மோட்டார் லோடில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பேஸ் மட்டும் மைனஸில் இருந்தால் அந்த சி.டி. திரும்பி மாட்டியிருக்கிறது, அல்லது அதன் எஸ்1, எஸ்2 வயர்கள் மாறியிருக்கின்றன. அப்போது இரண்டு பேஸ் கூட்டலும் ஒன்று கழித்தலுமாகி உண்மை லோடில் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். ஆம்பியர் மட்டும் சரியாகக் காட்டும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு பேஸின் சி.டி. வேறொரு பேஸின் வோல்டேஜோடு சேர்ந்துவிட்டால் பேஸுக்குப் பேஸ் பவர் ஃபேக்டர் தாறுமாறாக, ஒன்றில் 0.3, இன்னொன்றில் 0.9 என்று நிற்கும்.

அடுத்து சி.டி. ரேஷியோ (200/5 என்றால் 200 ஆம்பியரை 5 ஆக்கிக் காட்டும்). பேனலில் இருப்பது 200/5, மீட்டரில் புரோகிராம் செய்தது 100/5 என்றால் சரியாகப் பாதிதான் வரும். டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி) வைத்து ஒப்பிட்டால் 10 நிமிட வேலை.

பெரிய சி.டி.யில் சிறிய லோடும் ஒரு பிரச்சினை. கிளாஸ் 1 சி.டி.யில் 100 சதவீத கரன்ட்டில் பிழை 1 சதவீதம், 20 சதவீதத்தில் 1.5, 5 சதவீதத்தில் 3 வரை அனுமதி உண்டு. 400/5 சி.டி.யில் 15 ஆம்பியர் ஓடினால் அந்த எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது.

பலர் விட்டுவிடுவது வயர் நீளம். சி.டி.யிலிருந்து மீட்டர் 20 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 40 மீட்டர். 2.5 சதுர மி.மீ. காப்பர் என்றால் சுமார் 0.3 ஓம். 5 ஆம்பியரில் அது 7.5 விஏ. உங்கள் சி.டி. தாங்குவது 5 விஏ என்றால் முழு லோடில் குறைத்துத்தான் காட்டும். மீட்டரை சி.டி. பக்கத்தில் வைத்து, தொலைவுக்கு மோட்பஸ் வயரை மட்டும் இழுப்பதே நல்லது.

ஒரு எச்சரிக்கை: லோடு ஓடும்போது சி.டி.யின் செகண்டரியை, அதாவது மீட்டருக்குப் போகும் வயரை, கழற்றக் கூடாது. திறந்த செகண்டரியில் உயிரை எடுக்கும் வோல்டேஜ் வரும். லிங்க் போட்டு ஷார்ட் செய்த பிறகே மீட்டரைத் தொடுங்கள். முடிந்தால் ஞாயிறு மெயினை ஆஃப் செய்துவிட்டு வேலையைச் செய்யுங்கள்.

கம்ப்யூட்டரில் நீங்கள் சேமிப்பது கிலோவாட் மட்டும்தானா? கூடிக்கொண்டே போகும் யூனிட் ரீடிங்கையும் சேர்த்து எடுங்கள். மோட்பஸ் அரை மணி நேரம் அறுந்தாலும் முன்பின் ரீடிங்கைக் கழித்தால் யூனிட் கிடைத்துவிடும். கிலோவாட் மட்டும் இருந்தால் அந்த அரை மணி நேரம் போனது போனதுதான்.

கோவை_மோல்டிங்

நன்றி சார். சில்லர் ஃபீடரில் ஒய் பேஸ் மைனஸில் இருந்தது. 27 கிலோவாட் லோடு 9 என்று காட்டியிருக்கிறது. ஞாயிறு சப்ளையை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியன் சரிசெய்துவிட்டார். இப்போது வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. யூனிட் ரீடிங்கும் சேமிக்கத் தொடங்கியாயிற்று.

டிமாண்ட்_கணக்கு

225-க்கு ஏன் பணம் கட்டுகிறீர்கள் என்பதற்கு விடை: எச்.டி. பில்லில் பதிவான டிமாண்ட், ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 250-ல் 90 சதவீதம் 225. ஆகவே இப்போது பாடுபட்டு 204-ஐ 175 ஆக்கினாலும் டிமாண்ட் கட்டணத்தில் ஒரு ரூபாய் குறையாது. உச்சத்தையும் குறைக்க வேண்டும், ஒப்பந்தத்தையும் குறைக்க வேண்டும். உச்சம் முதலில், ஒப்பந்தம் பிறகு. வரிசை மாறினால் அபராதம்: ஒப்பந்தத்துக்கு மேல் போன ஒவ்வொரு கேவிஏவுக்கும் இரட்டிப்புக் கட்டணம்.

உங்கள் மீட்டர் டிமாண்டை 15 நிமிடச் சராசரியாக எடுக்கிறதா, 30 நிமிடமா என்று பாருங்கள். மெயின் டேட்டாவையும் அதே இடைவெளிக்கு, அதே கடிகாரத்தில் சுருக்குங்கள். கம்ப்யூட்டர் கடிகாரம் மின்வாரிய மீட்டரை விட 7 நிமிடம் முன்னால் ஓடினால் நீங்கள் காணும் உச்சமும் பில்லில் வரும் உச்சமும் வேறு வேறாகிவிடும். ஒரு நிமிட உச்சத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 10 நிமிடம் 240, மீதி 20 நிமிடம் 170 என்றால் 30 நிமிடச் சராசரி 193தான்.

பிறகு மாதத்தின் மிக உயர்ந்த 20 இடைவெளிகளை எடுத்துத் தேதி, நேரத்தோடு அடுக்குங்கள். மோல்டிங் கடையில் பெரும்பாலும் அவை ஷிஃப்ட் தொடக்கத்தில்தான் வந்து விழும். மெஷினுக்கு 6 முதல் 22 கிலோவாட் வரை பேரல் ஹீட்டர் (பிளாஸ்டிக்கை உருக்கும் ஹீட்டர்), 12 மெஷினிலும் ஒரே நேரத்தில் சுவிட்ச் போட்டால் முதல் அரை மணி நேரத்துக்கும் மேல் எந்த ஹீட்டரும் கட் ஆகாமல் ஓடும். அதோடு சில்லரும் கம்ப்ரசரும் சேரும். நான்கு நான்காக, 35 நிமிட இடைவெளியில் போடுங்கள். முதல் நான்குக்கு ஒருவர் 5 மணிக்கே வர வேண்டியிருக்கும், அல்லது டைமர். பிவிசி, அசெட்டால் ஓடும் மெஷினைக் கடைசித் தொகுதியில் வையுங்கள். அவை சூட்டில் காத்திருந்தால் பேரலுக்குள்ளேயே சிதையும், பிவிசி அமில வாயு விட்டு ஸ்குரூவையே அரிக்கும்.

அடுத்து பவர் ஃபேக்டர். 0.90-க்குக் கீழே போகவில்லை, அபராதம் இல்லை என்று 0.92-லேயே விட்டுவிடுகிறார்கள். டிமாண்ட் கேவிஏவில் அளக்கப்படுகிறது என்பதை மறக்கிறார்கள். 204 கேவிஏ 0.92-ல் 188 கிலோவாட். அதே லோடு 0.98-ல் 192 கேவிஏ. பெரும்பாலும் புது பேனல் வாங்க வேண்டியதில்லை, பவர் ஃபேக்டரை உயர்த்த ஏற்கனவே இருக்கும் கப்பாசிட்டர்களில் பாதி செத்திருக்கும். 440 வோல்ட்டில் 25 கேவிஏஆர் என்று எழுதியிருப்பது 415 வோல்ட்டில் சுமார் 31 ஆம்பியர் எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டெப்பையும் கையால் போட்டு மூன்று பேஸிலும் அளந்து பாருங்கள். 20 ஆம்பியர் வந்தால் மாற்றுங்கள். அதிக டிரைவ்கள் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இருந்தால் 7 சதவீத ரியாக்டரோடு போடுங்கள், இல்லையென்றால் அவை கிளப்பும் ஹார்மானிக்ஸ் (கரன்ட்டின் அலைக் கலப்பு) புதியதையும் தின்றுவிடும்.

ஹீட்டரைப் பிரித்துப் போட்டதில் 20 கிலோவாட் குறைந்தால் 168, அது 0.98-ல் 171 கேவிஏ. ஒப்பந்தத்தை 190 ஆக்கினால் 90 சதவீதம் சரியாக 171. கேவிஏவுக்கு 600 ரூபாய் என்று வைத்தால் (உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்) 225-க்கும் 171-க்கும் இடையே மாதம் சுமார் 32,000. ஆனால் 3 மாதம் தொடர்ந்து 175-க்குக் கீழே நின்ற பிறகு மட்டும் விண்ணப்பியுங்கள். அடுத்த ஆண்டு 450 டன் மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். திரும்ப ஏற்றுவதற்குக் கட்டணமும் காத்திருப்பும் உண்டு.

உச்ச நேரத்தில் யூனிட் கட்டணத்தோடு சேரும் கூடுதல் 25 சதவீதத்தைத் தப்பிக்க கிரைண்டரை இரவுக்கு மாற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 9 கிலோவாட் லோடு, 3 மணி நேரம், 25 நாள்: 675 யூனிட். யூனிட் 7.50 என்றால் உச்ச நேரக் கூடுதலும் இரவு 10 முதல் 5 வரையிலான 5 சதவீதத் தள்ளுபடியும் சேர்ந்து யூனிட்டுக்கு 2.25, மாதம் 1,500 ரூபாய். அதற்காக இரவில் ஓர் ஆளை நிறுத்த வேண்டாம். பகல் 11 மணிக்கு ஓட்டினாலே பெரும்பகுதி கிடைத்துவிடும்.

காற்று_கசிவு

எனக்கு அந்த 22 கிலோவாட்தான் உறுத்துகிறது. வாரத்தில் உற்பத்தி இல்லாத நேரம் 72 மணி. 72 × 22 = 1,584 யூனிட், மாதத்துக்கு 6,800. உங்கள் மொத்தத்தில் 13 சதவீதம், ஒரு பொருளும் செய்யாமல் போகிறது. யூனிட் 7.50 என்றால் 51,000 ரூபாய். ஃபீடர் வாரியாக ஞாயிறு அதிகாலை 2 முதல் 4 வரையிலான சராசரியைப் போடுங்கள், யார் என்று தெரிந்துவிடும்.

கோவை_மோல்டிங்

பார்த்தேன். கம்ப்ரசர் 16, கூலிங் டவர் பம்ப் 4, மீதி 2 கிலோவாட். கம்ப்ரசரை ஆஃப் செய்தால் திங்கள் காலை காற்று ஏற நேரமாகிறது என்று ஓடவிட்டிருக்கிறார்கள். ஞாயிறு 1 நிமிடம் லோடு (காற்றை அழுத்துகிறது), 6 நிமிடம் அன்லோடு (சும்மா சுற்றுகிறது) என்று மாறிக்கொண்டிருக்கிறது.

காற்று_கசிவு

அதிலேயே எல்லாம் இருக்கிறது. காற்றை யாரும் பயன்படுத்தாத நேரத்தில் லோடு ஆவது முழுக்கக் கசிவுக்காக. கசிவு = லோடு நேரம் ÷ (லோடு + அன்லோடு நேரம்) = 1/7, அதாவது கம்ப்ரசர் திறனில் 14 சதவீதம். மின்சாரமும் ஒத்துவருகிறது: லோடில் 40, அன்லோடில் 12 கிலோவாட் என்றால் (40 + 72) ÷ 7 = 16. துல்லியம் வேண்டுமானால் அந்த ஒரு மீட்டரை மட்டும் ஒரு மணி நேரம் 5 விநாடிக்கு ஒருமுறை படியுங்கள். நிமிடத்துக்கு ஒரு ரீடிங்கில் ஒரு நிமிட லோடு எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று சரியாகத் தெரியாது.

கசிவை விட அன்லோடுதான் இங்கே அதிகம் தின்கிறது. 7 நிமிடத்தில் 40-க்கு 72. ஆகவே இரவு 10 மணிக்கும் ஞாயிறும் கம்ப்ரசரை நிறுத்துங்கள், ரிசீவருக்குப் பின்னால் உள்ள பால் வால்வை மூடுங்கள். டாங்கில் அழுத்தம் தங்கும், காலையில் காற்று ஏறக் காத்திருக்கும் பிரச்சினை தீரும். காலை 5.45-க்கு டைமர் போதும், ஆனால் ஹீட்டரின் முதல் தொகுதியோடு மோதாதபடி பாருங்கள். கசிவைச் சனிக்கிழமை இரவு சோப்புத் தண்ணீரோடு தேடுங்கள்: குயிக் கப்ளர், பியூ டியூப் (பிளாஸ்டிக் காற்றுக் குழாய்) ஃபிட்டிங், எஃப்ஆர்எல் (காற்று ஃபில்டர்) கிண்ணம், திறந்தே கிடக்கும் டிரெயின். அழுத்தத்தையும் பாருங்கள். 7.5 பாரை 6.5 ஆக்க முடிந்தால் கம்ப்ரசர் மின்சாரத்தில் 6, 7 சதவீதம் குறையும், கசிவும் சேர்ந்து குறையும். கால் கால் பாராக இறக்கி, ரோபோ, எஜெக்டர் எங்கே தடுமாறுகிறது என்று கவனித்து நிறுத்துங்கள்.

கிலோ_யூனிட்

சர்வோ விஷயத்துக்கு. அதைப் போடும் முன் அந்த மெஷினின் அன்றாட யூனிட்டையும் அன்று வார்த்த கிலோவையும் 30 நாளுக்கு எக்செல்லில் எழுதி, கிலோ படுக்கையிலும் யூனிட் நிமிர்விலும் புள்ளி வைத்து ஒரு கோடு போடுங்கள். உதாரணமாக யூனிட் = 90 + 0.8 × கிலோ என்று வந்தால், ஒரு கிலோகூட வார்க்காத நாளிலும் 90 யூனிட் போகிறது என்று பொருள். உங்களிடம் இருப்பது பழைய ஃபிக்சட் பம்ப் மெஷின் என்றால் கூலிங் நேரத்திலும் மோட்டார் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சர்வோ மிச்சம் பிடிப்பது அங்கேதான். கூலிங் நேரம் நீண்ட கனமான பாகம் ஓடும் மெஷினில் பலன் அதிகம், 8 விநாடி சைக்கிள் மூடி அடிக்கும் மெஷினில் குறைவு. ஆகவே 12-க்கும் ஒரே விலைப்புள்ளி வாங்காமல் மெஷின் வாரியாகப் பிரியுங்கள்.

ஷிஃப்ட் எண்ணிக்கை மாறிய நாள், மோல்டு மாற்றி நாலு மணி நேரம் நின்ற நாள் ஆகியவற்றை வேறு நிறத்தில் குறியுங்கள். கலந்தால் கோடு சாயும். உற்பத்தி நாள் காலை 6 முதல் மறுநாள் 6 வரை என்றால் மீட்டர் நாளையும் அப்படியே வெட்டுங்கள், நள்ளிரவில் வெட்டினால் பொருந்தாது. ஸ்பிரூ (பாகத்தோடு ஒட்டி வரும் கழிவுத் தண்டு), ரிஜெக்ட் எடையையும் கிலோவில் சேருங்கள். மெஷின் அதையும் உருக்கித்தான் கொடுத்தது.

சர்வோ போட்ட பின் பழைய கோட்டில் புதிய கிலோவைப் போட்டு, எவ்வளவு எடுத்திருக்க வேண்டுமோ அதிலிருந்து உண்மையில் எடுத்ததைக் கழித்து, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் உண்மையான மிச்சம். விற்பவரோடு போடும் ஒப்பந்தத்தில் இந்த முறையையே எழுதிக்கொள்ளுங்கள். "பில் குறையும்" என்று மட்டும் எழுதினால், ஆர்டர் குறைந்த மாதத்திலும் சர்வோதான் மிச்சம் பிடித்தது என்பார்கள். சோலாரையும் கம்ப்ரசரை நிறுத்திய பிறகே அளவெடுங்கள். இப்போது அளவெடுத்தால் ஞாயிறு பகலில் வீணாகும் 22 கிலோவாட்டுக்கும் சேர்த்துப் பேனல் வாங்குவீர்கள்.