கல்லடியில் நீட்டு வீடு, கடைசி அறைக்கு வைஃபை போகவில்லை. பத்தாயிரத்துக்குள் எந்த ரவுட்டர்?

பாடுமீன், கல்லடி:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்கு ஒரு ரவுட்டர் வாங்க வேண்டும், பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்தால் நல்லது, கொஞ்சம் கூடினாலும் சமாளிக்கலாம். பைபர் லைன் இருக்கிறது, கம்பனி தந்த பெட்டியை முன் ஹோல் சுவரில் ரி.வி.க்குப் பின்னால் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்களுடையது பழைய கல்வீடு, அகலம் இல்லை, நீளம்தான். ஹோல், அதற்குப் பின்னால் இரண்டு அறை, சாப்பாட்டு அறை, குசினி, குசினியை ஒட்டிப் பிறகு கட்டிய கொங்கிறீட் தட்டுப் போட்ட ஓர் அறை. அந்தக் கடைசி அறைதான் உயர்தரம் படிக்கிற மகளுக்கு. சூம் வகுப்பு தொடங்கினால் சேருடைய முகம் அப்படியே நின்றுவிடும், குரல் மட்டும் விட்டு விட்டு வரும். உடனே பிள்ளை லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்கு வருவாள், ஹோலில் அம்மம்மா நாடகம் பார்த்துக்கொண்டிருப்பார், அப்புறம் என்ன, ஒவ்வொரு நாளும் வழக்குத்தான்.

டவுனில் கடையில் கேட்டேன். இரண்டு அன்டெனா உள்ளதைக் காட்டி "இது 300" என்றார்கள், நான்கு அன்டெனா உள்ளதைக் காட்டி "இது 1200, வீடு முழுக்க அடிக்கும்" என்றார்கள். பக்கத்துக் கடையில், ரவுட்டரே வேண்டாம், பிளக்கில் குத்துகிற ரிப்பீட்டர் போதும் என்றார்கள். எங்கள் பக்கேஜ் 100 எம்பிபிஎஸ். எதை எடுப்பது?

வாவிக்கரையான், ஆரையம்பதி:

காசைக் கையில் எடுக்க முதல் ஒரு சோதனை செய்யுங்கள் அண்ணன். போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து ஒரு ஸ்பீட் டெஸ்ட், பிறகு அதே போனோடு மகளின் அறைக்குப் போய் இன்னொன்று. முடிந்தால் லெப்டொப்பைக் கேபிளால் நேரடியாகப் பெட்டியில் குத்தியும் பாருங்கள். பெட்டிக்குப் பக்கத்திலேயே வேகம் இல்லை என்றால் கோளாறு லைனில், அதற்கு உலகத்தில் எந்த ரவுட்டர் வாங்கினாலும் பயனில்லை. பக்கத்தில் 90 வந்து பின்னால் 3 வந்தால் உங்கள் பிரச்சினை சுவர்.

கடைக்காரர் சொல்கிற 300, 1200 எல்லாம் பெட்டியில் அடித்த கணக்கு. 1200 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் (பேண்டில்) 300 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கியது. ஒரு போன் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் நிற்கும், ஆகவே 1200 எந்த ஒரு போனுக்கும் வராது. அந்த 867 கூட ஆய்வுகூடத்துக் கணக்கு, வீட்டில் பாதி வந்தாலே பெரிய விஷயம். 300 என்று போட்டதில் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் இருக்கும். 2.4 சுவரைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் அயல்வீட்டு ரவுட்டர், மைக்ரோவேவ், புளூடூத் எல்லாம் அதே இடத்தில்தான். 5 வேகம், ஆனால் சீமெந்துச் சுவரில் சீக்கிரம் செத்துவிடும். நீங்கள் சொல்கிற வீட்டில் சிக்னல் நாலைந்து சுவரை நீட்டுக்குக் கடக்க வேண்டும், வழியில் குசினியில் பிரிட்ஜ் வேறு நிற்கும்.

அன்டெனா எண்ணிக்கையைப் பார்த்து வாங்க வேண்டாம். ரவுட்டர் எவ்வளவு பலமாகக் கூப்பிட்டாலும், வாவிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் மாதிரி, போனும் திரும்பக் குரல் கொடுத்தால்தான் பேச்சு. போனில் உள்ளது சின்ன அன்டெனா, அதன் குரல் எட்டாது. புள்ளி நான்கும் நிரம்பிக் காட்டும், வீடியோ ஓடாது.

முதலில் அந்தப் பெட்டியை ரி.வி.க்குப் பின்னால் இருந்து எடுக்கப் பாருங்கள். பைபர் வயரை நீங்களே இழுக்க வேண்டாம், மடித்தால் உள்ளே கண்ணாடி உடையும், கம்பனிக்குச் சொன்னால் வந்து மாற்றித் தருவார்கள், கட்டணம் கேட்கலாம்.

கம்பிக்காக்கா, கல்முனை:

தம்பி சொன்னது சரி. வீடுகளுக்கு நெட்வேர்க் இழுக்கிறதுதான் எனக்குத் தொழில், ஒரு விஷயத்தைக் கூட்டிச் சொல்கிறேன். இந்த மாதிரி நீட்டு வீட்டுக்கு ஒரே ரவுட்டரால் தீர்வு இல்லை, நாற்பதாயிரம் கொடுத்து வாங்கினாலும் ஹோலில் வைத்தால் குசினிக்கு அந்தப் பக்கம் தள்ளாடும். பின்பக்கத்துக்கு ஒரு கேபிள் இழுங்கள், கேபிளின் நுனியில் ரவுட்டரை வையுங்கள். காசு பெட்டியில் போவதைவிடக் கம்பியில் போகட்டும்.

இனி எந்தப் பெட்டி. பெயர் சொல்லிக் கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். டிபி-லிங்க்கில் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டுமே கடைக்காரர் சொன்ன அந்த 1200 வகை. வித்தியாசம் பின்னால் உள்ள துளைகளில். சி50இல் கேபிள் குத்துகிற லான் போர்ட் 100 எம்பிபிஎஸ், சி6இல் கிகாபிட், அதாவது 1000. 100 போர்ட்டில் கழிவு போக 94, 95 வரை கிடைக்கும், உங்கள் பக்கேஜும் 100தான், ஆகவே இன்றைக்கு சி50 போதும். நாளைக்குப் பக்கேஜ் கூட்டுகிற எண்ணம் இருந்தால் சி6 எடுங்கள். ஷாவோமியின் 4ஏயும் அப்படித்தான், ஒரே பெயரில் சாதாரணம் ஒன்று, கிகாபிட் ஒன்று, பெட்டியில் "கிகாபிட்" என்று இருக்கிறதா என்று வாசித்துவிட்டு எடுங்கள். விலை கடைக்குக் கடை ஆயிரம் இரண்டாயிரம் ஆடும். வாறண்டி எத்தனை வருடம், இங்கேயே மாற்றித் தருவார்களா, கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டுமா என்பதை பில் போட முதல் கேளுங்கள்.

ரிப்பீட்டர் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே செத்துப்போன சிக்னலை வாங்கித்தான் அது திருப்பி அனுப்பும். விலை குறைந்ததில் ஒரே பேண்டில் வாங்கி அதே பேண்டிலேயே கொடுக்க வேண்டும், வேகம் பாதியாகும். வாட்ஸ்அப்புக்கு ஓடும், சூம் வகுப்புக்குப் பிள்ளை பிறகும் ஹோலுக்குத்தான் வருவாள்.

கேபிளில்தான் ஏமாற்று அதிகம். "செம்பு" என்று சொல்லி, அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சுப் பூசியதைத் தருகிறார்கள். கம்பியின் தோலைச் சீவி நுனியை பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக வந்தால் அது அலுமினியம், நாலு தரம் வளைத்தால் முறியும். கேட் 5இ என்கிற கேபிள் வகை போதும், ஒழுங்கான செம்பில் 100 மீற்றர் வரை கிகாபிட் போகும். இன்னொன்று, 100 எம்பிபிஎஸ்ஸுக்கு உள்ளே உள்ள எட்டுக் கம்பியில் நான்கு போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒரு கம்பியை எலி கடித்தால் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், ரவுட்டர் பழுது என்று நினைத்து ஆட்கள் ரவுட்டரை மாற்றுவார்கள். ஓட்டுக்கு மேலால் கொண்டுபோவதென்றால் பிவிசி குழாய்க்குள் விடுங்கள்.

மருதமுனை நெட், மருதமுனை:

காக்கா, நீங்கள் சொன்ன 1200 வகை எல்லாம் வைஃபை 5, இனி வாங்குகிறவர் ஏன் அதை வாங்க வேண்டும்? அந்தத் தரம் 2013இல் வந்தது. அதற்கு அடுத்த வைஃபை 6 சான்றிதழ் 2019இல் தொடங்கி இப்போது விலையும் இறங்கி வருகிறது. ஆர்ச்சர் ஏஎக்ஸ்10 போன்றதைக் கொஞ்சம் காசு கூட்டி எடுத்தால் நாலைந்து வருடம் பார்க்கத் தேவையில்லை. வீட்டில் ஏழெட்டு போன், ரி.வி., கமரா என்று சேர்ந்தால் வைஃபை 6 நெரிசலை நன்றாகச் சமாளிக்கும்.

கம்பிக்காக்கா, கல்முனை:

வீட்டில் உள்ள போனும் லெப்டொப்பும் வைஃபை 6 எடுக்குமா என்று முதலில் பாருங்கள் தம்பி. எடுக்காவிட்டால் ரவுட்டர் 6ஆக இருந்தாலும் அவை பழைய வேகத்தில்தான் பேசும். சுவரையும் அது புதிதாகத் துளைக்காது, அதே 2.4, அதே 5. காசு மிஞ்சினால் எடுக்கட்டும், கேபிளுக்கு வைத்த காசில் கை வைக்க வேண்டாம்.

படுவான்கரைப் பெடியன்:

இடையில் புகுகிறேன், மன்னிக்கவும். எழுவான்கரை, அதாவது வாவிக்குக் கிழக்குப் பக்கத்து ஆட்களுக்கு பைபர் இருக்கிறது, நீங்கள் சுவரைப் பற்றிப் பேசுகிறீர்கள். நாங்கள் கொக்கட்டிச்சோலைக்கு அந்தப் பக்கம், சுற்றிவர வயல், பைபர் வரவில்லை, சிம் போடுகிற ரவுட்டர்தான் வழி. அதில் எதைப் பார்த்து வாங்குவது?

வாவிக்கரையான், ஆரையம்பதி:

உங்களுக்குக் கணக்கு வேறு. முதலில் வீட்டில் நின்று ஒவ்வொரு கம்பனி சிம்மையும் போனில் போட்டு, இரவு எட்டு ஒன்பது மணிக்கு வேகம் பாருங்கள், பகல் பதினொரு மணிக்குப் பார்த்து ஏமாற வேண்டாம். எந்த சிம் ஓடுகிறதோ அதற்குப் பொருந்தின ரவுட்டர். 4ஜி ரவுட்டர் எல்லாம் எல்லா பேண்டையும் எடுக்காது, உங்கள் கம்பனி உங்கள் பக்கத்தில் விடுகிற பேண்ட் பெட்டியில் இருக்க வேண்டும். 1800 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 3, இங்கே பரவலாக இருக்கிறது, அது கட்டாயம் இருக்கட்டும். கம்பனி விற்கிற ரவுட்டர் என்றால் வேறு சிம் எடுக்குமா, பூட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். வெளி அன்டெனா குத்துகிற துளை இருந்தால் உங்களைப் போல டவர் தூரமாக உள்ளவருக்கு அதுதான் பெரிய உதவி. வீட்டில் டவர் பக்கம் பார்த்த ஜன்னலோரம், உயரமாக வையுங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே வேண்டாம், தகரம் சிக்னலைத் தடுக்கும், மத்தியான வெக்கையில் ரவுட்டரும் சூடேறி நிற்கும்.

வெளிநாட்டில் இருந்து ஒன்லைனில் இறக்குவதென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி உள்ள மாடலா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சுங்கத்தில் மறித்துவைக்க இடம் உண்டு.

தென்றல், அக்கரைப்பற்று:

யாரும் மின்னலைப் பற்றிப் பேசவில்லையே. ஐப்பசி இடியில் எங்கள் ஒழுங்கையில் எத்தனை ரவுட்டர் போகிறது! பைபருக்குள் கண்ணாடி, அதில் மின்னல் வராது என்று நம்பிக்கொண்டு இருப்பார்கள், ஆனால் அடப்டர் வழியாகக் கரண்ட் லைனில் வருமே. தாங்குவதற்காக வெளியில் தொங்கும் பைபர் வயரோடு உருக்குக் கம்பி ஒட்டியிருப்பதும் உண்டு. இடி கேட்கத் தொடங்க முதல் பிளக்கையும், வீட்டுக்கு வெளியால் ஓடுகிற லான் கேபிள் இருந்தால் அதன் இரண்டு நுனியையும் கழற்றி வையுங்கள். பொத்தானை நிறுத்துவது மட்டும் போதாது.

கரண்ட் போனால் வகுப்பு நிற்கக் கூடாது என்றால் ரவுட்டருக்கு பற்றரியில் கரண்ட் கொடுக்கிற சின்ன டிசி யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள், 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டியபோதே எல்லோருக்கும் பழக்கமானதுதான். வாங்க முதல் அடப்டரைத் திருப்பி வாசியுங்கள். 12 வோல்ட் ரவுட்டரும் உண்டு, 9 வோல்ட் ரவுட்டரும் உண்டு, பின் பொருந்துகிறதே என்று 9இல் 12ஐக் குத்தினால் பெட்டி போய்விடும். வோல்ட் சரியாக ஒன்றாக இருக்க வேண்டும், அம்பியர் கூடினால் பிழையில்லை. பைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இரண்டுக்குமே கொடுக்க வேண்டும், ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு இன்டர்நெட் வரவில்லை என்று நிற்காதீர்கள்.

கல்லடி என்றால் கடல் காற்றும் இருக்கிறது. லான் போர்ட்டுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள், அந்தச் சின்னப் பொன்நிறக் கம்பிகளில் பச்சையாகப் பூத்திருக்கும். கடல் பக்க ஜன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம்.

பாடுமீன், கல்லடி:

எல்லோருக்கும் நன்றி. சோதனை செய்தேன், ஹோலில் 88, மகளின் அறையில் 2க்கும் 4க்கும் இடையில் ஆடுகிறது. வாவிக்கரையான் தம்பி சொன்ன மாதிரி சுவர்தான். கேபிள் இழுக்கத் தீர்மானித்துவிட்டோம். காக்கா, அலுமாரியில் தொலைபேசி வயரில் இன்டர்நெட் வந்த காலத்துப் பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டர் ஒன்று கிடக்கிறது, பைபர் வந்தபோது கழற்றி வைத்தது, அடப்டரும் இருக்கிறது. அது இதற்கு உதவுமா, எறிந்துவிடலாமா?

கம்பிக்காக்கா, கல்முனை:

எறியாதீர்கள்! ரவுட்டர் வாங்குவதைத் தள்ளிப்போட்டு முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். தொலைபேசி வயர் குத்துகிற துளையைத் தொட வேண்டாம், பைபர் பெட்டியின் லான் போர்ட்டில் இருந்து வருகிற கேபிளைப் பழைய ரவுட்டரின் லான் போர்ட் ஒன்றில் குத்த வேண்டும். குத்த முதல் லெப்டொப்பை அதோடு இணைத்து உள்ளே போய் இரண்டு வேலை. பைபர் பெட்டியின் முகவரி 192.168.1.1 என்று இருந்தால் பழையதுக்கு 192.168.1.2 கொடுங்கள், போன்களுக்கு முகவரி பங்கிடுகிற டிஎச்சிபி என்பதை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் இரண்டு பெட்டியும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும், போன் ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் ஓடாது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஹோலில் உள்ளதையே வைத்தால் போன் தானாக மாறிக்கொள்ளும். சனல் மட்டும் வேறாக்குங்கள், 2.4இல் அங்கே 1 என்றால் இங்கே 11. பாஸ்வேர்டு அடிக்காமல் இணைக்க விடுகிற டபிள்யூபிஎஸ்ஸை நிறுத்திவிடுங்கள், அட்மின் பாஸ்வேர்டு இன்னும் "அட்மின்" என்றே இருந்தால் மாற்றுங்கள்.

ஏடிஎஸ்எல் காலத்துப் பெட்டி, 2.4 மட்டும்தான் இருக்கும், போர்ட்டும் 100தான். சூம் வகுப்புக்கு நல்ல படம் வர மூன்று எம்பிபிஎஸ் தாராளம், அது இதில் ஓடும். போதாது என்று தோன்றினால் அதே கேபிள் நுனியில் சி50 ஒன்றை வாங்கி மாட்டுங்கள், அதில் கேபிளில் வருவதை வைஃபையாக மட்டும் விடுகிற அக்சஸ் பொயின்ட் முறை இருக்கிறது, அதைத் தெரிவுசெய்தால் இந்த டிஎச்சிபி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பாடுமீன், கல்லடி:

மிகவும் உதவி காக்கா. ஒன்று மட்டும், கூரைக்கு மேலால் முடியாது, பழைய ஓடு, ஏறினால் உடையும். வெளிச்சுவரோடு கொண்டுபோய்க் குசினிக்குப் பக்கத்தால் உள்ளே எடுக்கலாமா? ஏறக்குறைய 25 மீற்றர்.

கம்பிக்காக்கா, கல்முனை:

எடுக்கலாம், 25 மீற்றர் ஒன்றுமில்லை. வெளியில் போடுகிற கறுப்புத் தோல் கேபிளாக வாங்குங்கள், சாம்பல் நிறத்தது நம் வெயிலுக்கு வெடிக்கும். கரண்ட் வயரோடு ஒட்டிக் கட்டாதீர்கள், ஒரு சாண் தள்ளி ஓடட்டும். சுவரில் ஓட்டை போடும்போது உள்ளே உயரமாகவும் வெளியே பதிவாகவும் சரித்துப் போடுங்கள், கேபிள் உள்ளே நுழைகிற இடத்துக்கு முன்னால் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு வளைத்து எடுங்கள். மாரி மழை கேபிள் வழியே ஓடிவந்து அந்த வளைவில் சொட்டிவிடும், ரவுட்டர் வரைக்கும் வராது. கிளிப் அடிக்கிற பொறுப்பை மகளிடம் கொடுக்கலாம், தேவை அவளுக்குத்தானே.