புதுப்பிப்பு: திரும்பி வந்த திருத்த நடவடிக்கைத் திட்டம்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். சம்மாந்துறைப் பக்கம் நான் வேலை செய்யும் அரிசி ஆலையில் நெல்லின் ஈரத்தை அளக்கும் மீட்டர் ஒன்றின் அளவுத்திருத்தத் தேதி (சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கவேண்டிய நாள்) கடந்திருந்ததைத் தரக் கணக்காய்வாளர் பிடித்தார். "மீட்டரைச் சரிபார்த்தோம், ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தோம்" என்ற எங்கள் திருத்த நடவடிக்கைத் திட்டத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

இரண்டாவது தடவை ஏற்றுக்கொண்டார்.

அன்று பதில் எழுதிய நீங்கள் சொன்னது சரி, மீட்டரைச் சரிபார்த்தது வெறும் திருத்தம்தான். தர முகாமைத்துவத்துக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 9001:2015இன் 10.2ஆம் பிரிவு அதோடு விடுவதில்லை: ஏன் நடந்தது, வேறு இடத்திலும் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்கிறது. ஏன், ஏன் என்று தோண்டினால் பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்போக அறுவடை அவசரத்தில் வாங்கிய மீட்டர் கருவிப் பதிவேட்டில் ஏறவேயில்லை. வாங்குகிறவர் தரப் பிரிவுக்குச் சொல்ல ஒரு வழியும் இருக்கவில்லை. தேடியதில் ஒரு தராசும் அதே கதை! இப்போது பதிவேட்டு எண் இல்லாத கருவிக்குக் காசு கொடுபடாது.

நான் யோசிக்காத விஷயம், அதே தரநிலையில் அளவுக் கருவிகள் பற்றிய 7.1.5ஆம் பிரிவு. கருவி பிழை என்றால் அதனால் முன்பு அளந்தவற்றின் கதி என்ன? எங்கள் மீட்டர் ஈரத்தைக் குறைத்துக் காட்டியிருந்தது. 14 வீதத்துக்கு மேல் ஈரமிருந்தால் நெல் களஞ்சியத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே மூட்டைகளை மறுபடி அளந்தோம், இரண்டு நாள் தூசி தின்றோம். கொஞ்சம் திரும்பக் களத்துக்குக் காயப் போனது.

"பயிற்சி என்று எழுதினால் போதாதா தம்பி?" என்று முதலாளி இன்னும் கேட்கிறார். சிறுபோக அறுவடைக்கு வாங்கும் கருவிகள் பதிவேட்டில் ஏறுகின்றனவா என்று பார்த்த பிறகுதான் கோப்பை மூடுவேன்.