பல்சர் 150-க்கு எந்த பேட்டரி சரியா உக்காரும்? உதவி தேவை

கார்த்தி_பல்சர்:
அண்ணன்மாருக்கு வணக்கம். என்னோடது பழைய கார்புரேட்டர் பல்சர் 150. காலையில செல்ஃப் அமுக்குனா ரிலே 'டிக் டிக்'னு அடிக்குது, மோட்டார் சுத்தல. கிக்கர் அடிச்சா உடனே ஸ்டார்ட் ஆயிடுது. இப்ப இருக்கறது தண்ணி ஊத்துற 12 வோல்ட் 9 ஆம்பியர் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி. கடையில "9னா 9தான் தம்பி"ன்னு ஒய்டிஎக்ஸ்9-னு தண்ணி ஊத்தத் தேவையில்லாத சீல்டு பேட்டரிய எடுத்து வைக்கிறாங்க. வாங்கலாமா? இல்ல 12 ஆம்பியரா போட்டா செல்ஃப் இன்னும் நல்லா எடுக்குமா?

வயரிங்_அண்ணாச்சி:
தம்பி, காசு குடுக்காதீங்க. முதல்ல உங்க பேட்டரி மேல என்ன நம்பர்னு பாருங்க. ஒய்பி9-பி வகைன்னா நீளம் 135 மிமீ, அகலம் 75, உயரம் 139. ஒய்டிஎக்ஸ்9 நீளம் 150, அகலம் 87, உயரம் 105. ரெண்டுக்கும் பேர்ல 9 இருக்கு, ஆனா உங்க வண்டியில பேட்டரி உக்கார்ற ட்ரேக்குள்ள ஒய்டிஎக்ஸ்9 இறங்கவே இறங்காது. சைடு கவரை மூடணும்னு தட்டி நெட்டித் திணிச்சா டெர்மினல் ஃப்ரேம்ல உரசி ஷார்ட் ஆகும். ஸ்கேல் வச்சு ட்ரேய அளந்துக்கோங்க. பிளஸ் எந்தப் பக்கம்னு போட்டோவும் எடுத்துக்கோங்க; பக்கம் மாறினா வயர் எட்டாது, எட்டுதேன்னு மாத்திக் குடுத்தா ஃபியூஸோட நிக்காம, சார்ஜிங் வோல்டேஜக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரும் போயிடும்.

12 ஆம்பியரால வண்டிக்குக் கெடுதல் இல்ல, மோட்டார் தனக்கு வேண்டியதத்தான் இழுக்கும். ஆனா சைஸ் பெருசு, இடம் கிடையாது. நல்ல 9 ஆம்பியரே தாராளம்.

சாலைப்பறவை:
சீல்டு வேணும்னா அதே 135 × 75 அளவுல கேளுங்க. லித்தியம் வேண்டாம், இந்தப் பழைய ரெகுலேட்டர நம்பி நான் போட மாட்டேன்.

வயரிங்_அண்ணாச்சி:
ஆமா. வாங்கறதுக்கு முன்னாடி சார்ஜிங்க பாத்துடுங்க. பழசையே முழுசா சார்ஜ் போட்டு, ஒரு ராத்திரி சும்மா வச்சுட்டு வோல்ட் மீட்டர் வைங்க. 12.6 வோல்ட்டுக்கு மேல நிக்கணும். செல்ஃப் அமுக்குறப்ப 10-க்குக் கீழ போகக்கூடாது. வண்டி ஓடறப்ப கொஞ்சம் ரேஸ் குடுத்தா 13.5லேருந்து 14.5 வரணும். 15 தாண்டுச்சுன்னா ரெகுலேட்டர் அவுட். புது சீல்டு பேட்டரிய அது வறட்டிக் கொன்னுடும்.

கார்த்தி_பல்சர்:
பாத்துட்டேன் அண்ணாச்சி. ராத்திரி சார்ஜ் இறங்கி காலையில 12.2. செல்ஃப் அமுக்குனா 7.8. ஓடறப்ப 14.2. நம்பர் ஒய்பி9-பி தான், அளவும் நீங்க சொன்னதேதான்.

வயரிங்_அண்ணாச்சி:
அப்ப சார்ஜிங் நல்லா இருக்கு, பேட்டரிதான் செத்துப்போச்சு. அதே நம்பர் வாங்குங்க. தயாரிப்பு தேதிய பாத்து வாங்குங்க, ஆசிட் ஊத்தி ரொம்ப நாள் அலமாரியில கிடந்தது வேண்டாம். பழசக் குடுத்தா விலையில கழிப்பாங்க.

கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசில. தண்ணி ஊத்துற வகைன்னா ஓவர்ஃப்ளோ டியூப் மடங்காம, செயின்மேல படாம கீழ போகணும், ஆசிட் சொட்டினா பெயின்ட்ட அரிச்சுடும். புதுசுக்குக் கடையில ஆசிட் ஊத்தினதும் "வண்டியில ஓடியே சார்ஜ் ஏறிடும்"னு அவசரப்படுத்துவாங்க. விடாதீங்க. சார்ஜர் கரண்ட்ட 1 ஆம்பியருக்கு உள்ளயே வச்சு மெதுவா முழு சார்ஜ் போட்டுத் தரச் சொல்லுங்க, மறுநாள் போய் வாங்கிக்கலாம்.