அத்தையின் பணம் போன கணக்கை முடக்குவது எப்படி?

வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அத்தை, மாமாவின் ஓய்வூதியப் பணத்தில் 85,000 ரேண்டை ஒரு ஃபாரெக்ஸ் (அந்நியச் செலாவணி வர்த்தக) திட்டத்தில் போட்டார். மாதம் 10 சதவீதம் என்று பேச்சு. மார்ச்சில் கட்டினார், மே வரை வட்டி வந்தது. ஜூலையில் அசலைக் கேட்டதும், முதலில் 15 சதவீதம் ‘வரி’ கட்டச் சொன்னார்கள். வரியை வரித் துறைக்குத்தானே கட்ட வேண்டும், இவர்களுக்கு எதற்கு? கட்டவில்லை. உடனே வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். செயலியில் மட்டும் 98,000 ரேண்ட் இருப்பு என்று இன்றும் பச்சை எழுத்தில் தெரிகிறது.

தென்னாப்பிரிக்க நிதித் துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்எஸ்சிஏவின் பட்டியலில் தேடினோம். அவர்கள் கொடுத்த உரிம எண் வேறொரு நிறுவனத்துடையது. எஃப்எஸ்சிஏவில் புகார் கொடுத்து, போலீஸில் வழக்கு எண்ணும் வாங்கியாயிற்று. வங்கியோ, பணம் அன்றைக்கே கைமாறிவிட்டது என்கிறது. சிறு வழக்கு நீதிமன்றத்தின் வரம்பு 20,000 ரேண்ட்தான், முழுத் தொகையை அங்கே கேட்க முடியாது. இதற்கிடையில், முன்பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறோம் என்று சிலர் அத்தையைக் கூப்பிடுகிறார்கள். அதுவும் மோசடிதான், போனையே எடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

பணம் போனது உள்ளூர் வங்கியில் ஒரு தனி நபர் பெயரிலுள்ள கணக்குக்கு. இப்படி ஒரு கணக்கை டர்பன் உயர் நீதிமன்றம் வழியாக முடக்கியவர்கள் யாராவது இருந்தால், வக்கீல் செலவு எவ்வளவு ஆனது, பணம் திரும்ப வந்ததா?