குளத்தில் மீன்குஞ்சு விடும் யோசனை பற்றி

அன்பான ஊரவர்களுக்கு,

எங்கள் ஊர் வயற்கரைக் குளத்தில் மீன்குஞ்சு விடக் காசு சேர்ப்போம் என்று ரொறன்ரோத் தம்பிமார் எழுதியதைப் பார்த்தேன். நல்ல விசயம்தான். ஆனால் காசு அனுப்ப முதல் ஒன்றை யோசியுங்கள்: ஆடி மாதம் வரைக்கும் அந்தக் குளத்தில் தண்ணீர் நிற்குமா?

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிரம்பும் குளம் அது. கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்கள் விற்கிற அளவுக்கு வளர ஆறேழு மாதம் வேண்டும். மார்கழியில் விட்டால் ஆனி, ஆடியில்தான் வலை போடலாம். நான் கடைசியாகப் போனபோது வைகாசியிலேயே குளத்துக்குள் மாடு மேய்ந்தது. தூர் வாராமல் குஞ்சு விட்டால் கொக்குக்குத்தான் விருந்து.

வற்றுவது முழுக்கக் கெடுதல் என்றும் இல்லை. மாட்டுச் சாணமும் மக்கிய புல்லும் அடியில் கிடந்து, மழைத் தண்ணீர் சேர்ந்ததும் நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றைத் தின்று, தனியாகத் தீன் போடாமலே மீன் வளரும். குஞ்சுகளைத் தின்னும் விராலும் வற்றும் குளத்தில் குறைவு. கடைசியில் தண்ணீர் இறங்க, மிச்சமில்லாமல் பிடித்துவிடலாம். இதனால்தான் இலங்கையில் பருவகாலக் குளங்களில் மீன் வளர்க்கிறார்கள். ஹெக்டேயருக்கு 2,000 குஞ்சு என்பது வழக்கமான கணக்கு. ஐந்து ஏக்கர் குளம் என்றால் சுமார் 4,000. விரல் நீளமாவது இருக்கிற குஞ்சாக வாங்கவேண்டும். மலிவென்று பொடிக் குஞ்சு வாங்கினால் பாதிகூட மிஞ்சாது.

திலாப்பியா விடுவோம் என்று ஒருவர் எழுதியிருந்தார். 1950களில் இலங்கைக்கு வந்த மீன். தானே குஞ்சு பொரித்துப் பெருகும். இரணைமடு மாதிரிப் பெரிய குளத்துக்குச் சரி. சின்னக் குளத்தில் நெருக்கடியாகி, உள்ளங்கை அளவோடு நின்றுவிடும். கட்லா, ரோகு கெண்டைக்கோ நேர்மாறான சிக்கல்: நின்ற தண்ணீரில் அது முட்டை இடாது, ஓடும் ஆறு வேண்டும். எங்களுக்கு இருப்பது வழுக்கையாறு ஒன்று, அதுவும் மாரிக்கு மட்டும். ஆகவே வருசா வருசம் புதுக்குஞ்சு வாங்கவேண்டும். மீன் விற்ற காசில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கிவைக்காவிட்டால் இரண்டாம் வருசமே திட்டம் படுத்துவிடும்.

இன்னொன்று, குளம் எங்கள் ஊர்ச் சங்கத்தின் சொத்து இல்லை. வயலுக்குப் பாய்ச்சுகிற தண்ணீர். விவசாயிகளின் கமக்கார அமைப்பும் அரசின் கமநல சேவை நிலையமும் சம்மதிக்கவேண்டும். நன்னீர் மீன் வளர்ப்பைக் கவனிக்கும் அரச நிறுவனமான நக்டா அதிகாரசபை ஆட்களைக் கூட்டிவந்து குளத்தைக் காட்டுவது அதற்கு அடுத்த வேலை.

என் கருத்து: இந்த வருசக் காசு தூர் வாரவும், குளம் நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் வான் பகுதியில் வலை அடிக்கவும் போகட்டும். குஞ்சு அடுத்த மாரிக்கு. ஊரில் நிற்கிறவர்கள் வைகாசிக் கடைசியில் குளத்தை ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.