மறு: 'பொருள்நோக்கு அறிவிப்பு வினவல் மொழி'

வணக்கம்.

செய்நிரலையும் தரவுத்தளத்தையும் இணைக்கும் ஹைபர்னேட் என்ற மென்பொருளுக்கு எச்கியூஎல் என்று ஒரு வினவல் மொழி, அதாவது தரவைக் கேட்டெடுக்கும் மொழி, இருக்கிறது. அதை 'ஒப்ஜெக்ட்-ஓரியன்டட் டிக்ளரேட்டிவ் குவெரி லாங்குவேஜ்' என்பதற்குத் தமிழில் நேற்று வந்த இந்த முன்மொழிவு எனக்கு ஒட்டவில்லை. நீளம் ஒரு பக்கம் இருக்கட்டும். 'டிக்ளரேட்டிவ்' என்பதற்கு 'அறிவிப்பு' என்றால், செய்நிரல் எழுதும் எங்கள் பிள்ளைகளுக்கு மாறியை (வேரியபிளை) அறிவிப்பதுதான் ஞாபகம் வரும். மற்றவர்களுக்குக் கோட்டை ரயில் நிலையத்து ஒலிபெருக்கி.

இங்கே சொல்ல வருவது வேறு. வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையில் உட்கார்ந்து "ஒரு பிளேன்ரீ, சீனி குறைவாக" என்கிறோம். எந்தக் கேத்தலில், எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது என்று சொல்வதில்லை. அது குசினியின் பாடு. தரவுத்தளத்திலும் அப்படித்தான்: 1970இல் எட்கார் கொட், தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் தொடர்புநிலை மாதிரியை முன்வைக்கும் வரை, செய்நிரலர்தான் பதிவு பதிவாகச் சுட்டியை (பொயின்டரை) பிடித்துக்கொண்டு குசினிக்குள் அலைந்தார். ஆகவே என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லும் இந்தப் பண்பை 'வேண்டல்முறை' என்பேன். எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்வதற்கு, எதிர்ச்சொல்லான 'ஏவல்முறை'க்கு 'ஏவல்' இலக்கணத்திலேயே தயாராக இருக்கிறது.

சரி, ஆனால் இந்தப் பெயருக்குள் அது எதற்கு? தொடர்புநிலைத் தரவுத்தளங்களின் வழக்கமான வினவல் மொழியான எஸ்கியூஎல்லே வேண்டல்முறை மொழிதானே. ஹைபர்னேட்டின் எச்கியூஎல் வேறுபடுவது இன்னோரிடத்தில். கொழும்பு வாடிக்கையாளர்களின் ஓடர்களை எடுக்க, எஸ்கியூஎல்லில் இரண்டு அட்டவணைகளை எந்தச் சாவியில் இணைப்பது என்று நாமே எழுதுகிறோம். எச்கியூஎல்லில் 'ஓடர்.வாடிக்கையாளர்.நகரம்' கொழும்பாக இருக்க வேண்டும் என்றால் போதும். இணைப்பைச் சேர்த்து எஸ்கியூஎல்லாக மாற்றுவது ஹைபர்னேட்டின் வேலை. அட்டவணையிடம் கேட்காமல், செய்நிரலில் ஓடர், வாடிக்கையாளர் என்று இருக்கும் ஒப்ஜெக்டிடம் கேட்கிறோம்; பெயர் அதைச் சொன்னால் போதும்.

அப்புறம் ஒப்ஜெக்டுக்கு 'பொருள்'. அலுவலக வெள்ளைப் பலகையில் 'பொருள்நோக்கு வினவல்' என்று எழுதி வைத்தேன். பக்கத்து மேசைத் தம்பி வந்து, "அர்த்தத்தை வைச்சுத் தேடுறதோ அண்ணை?" என்றார். அவரில் பிழையில்லை. 'உருப்பொருள்' என்றால் அந்த மயக்கம் குறையும்.

ஆக, 'உருப்பொருள் வினவல் மொழி'. ஒப்ஜெக்ட் தரவுத்தளங்களுக்கென 1990களில் வந்த ஓகியூஎல்லுக்கும் இதே பெயர்தான் வரும் என்று யாராவது பிடிப்பீர்கள், நியாயம்தான். எச்கியூஎல் கேட்பது தொடர்புநிலைத் தரவுத்தளத்தில் என்பதை வரைவிலக்கணத்தின் முதல் வரியில் வைப்போம், பெயரின் தலையில் ஏற்ற வேண்டாம்.

இதே 'டிக்ளரேட்டிவ்' வகையில் சேரும் தருக்க நிரல்மொழியான புரோலொக்குக்கு 'வேண்டல்' பொருந்துமா என்றால், எனக்கும் இடிக்கிறது. அங்கே உண்மைகளையும் விதிகளையும் கூறிவிட்டுத்தான் கேட்கிறோம். 'வேண்டல்முறை'க்குப் பதிலாக 'கூற்றுமுறை' பரவாயில்லையா?