ரிசப்ஷனுக்கு வயலின், வீணை வைத்தவர்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்? தர்மபுரி, கிருஷ்ணகிரி அனுபவங்கள்

தர்மபுரி, மணப்பெண்ணின் அண்ணன்:

தங்கை கல்யாணம் வைகாசியில் முடிந்தது. அதற்கப்புறம் சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பல பேர் போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "ரிசப்ஷன்ல வயலின், வீணை வாசிச்சாங்களே, எவ்வளவு ஆச்சு?" கணக்கு நோட்டு கையில் இருக்கிறது, அப்படியே எழுதிவிடுகிறேன். நீங்களும் உங்கள் கணக்கைப் போடுங்கள்.

முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம், தவில்தான். அதில் அப்பா யாரையும் கை வைக்க விடவில்லை, எனக்கும் அதுதான் சரி. நான் சொல்வது முதல் நாள் மாலை ரிசப்ஷன். போட்டோவுக்கு வரிசை நிற்கும்போதும் பந்தி ஓடும்போதும், ஆட்கள் பேசிக்கொண்டே கேட்கிற மாதிரி இசை வேண்டும் என்பது தங்கையின் ஆசை. லைட் மியூசிக் வைத்தால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் நலம் விசாரிக்கவே கத்த வேண்டும்.

டெக்கரேஷன் எடுத்த ஈவென்ட்காரரிடம் கேட்டோம். நாலு பேர், இரண்டரை மணி நேரம், 75,000 ரூபாய் என்றார். மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதாவது 13,500. ஆக 88,500. அப்பாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. இந்தப் பேச்சே வேண்டாம் என்று விட்டுவிடும் நிலையில்தான், சேலத்தில் வயலின் வாசிக்கும் ஒருவரின் நம்பர் ஒரு நண்பர் மூலம் கிடைத்தது. நேராகப் பேசினோம். வயலின், வீணை, கீபோர்டு, தபேலா நாலு பேருக்கும் சேர்த்து 32,000. வண்டி போக வர, தொப்பூர் டோல் உட்பட 5,500. மைக் செட் 12,000. உட்கார்ந்து வாசிக்கத் தனி மேடை, ஜமுக்காளத்தோடு 3,000. மொத்தம் 52,500.

36,000 மிச்சமானதைச் சொல்ல இதை எழுதவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது வீணை வாசித்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். இதே மாதிரி ஏஜென்ட் வழியாக வந்தால் நாலு பேருக்கும் சேர்த்து 18,000 கிடைத்தாலே பெரிது என்றார். எனக்கு அதைக் கேட்டு மனசே ஆறவில்லை. கல்யாண வீட்டுக்காரர் 88,500 கொடுக்கிறார், விரல் தேய வாசிப்பவர் கைக்கு ஆளுக்கு 4,500 போகிறது. "லைவ் மியூசிக் ரொம்பக் காஸ்ட்லி" என்று நாம் எல்லோரும் கலைஞர்களைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். விலை ஏறுவது அவர்களால் இல்லை.

ஒரு விஷயம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டாத கலைஞர் ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. நேராகப் பேசினால் அந்த 18 சதவீதம் பெரும்பாலும் வராது.

மைக் செட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். செட்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் எல்லா நிகழ்ச்சிக்கும் ஒரே மாதிரி எக்கோவும் பேஸும் ஏற்றி வைப்பவர். முதல் பாட்டில் வயலின் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. வயலின்காரர் வாசிப்பை நிறுத்தி, மேடையிலிருந்து இறங்கி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பக்கத்தில் போய் நின்று, "அண்ணா, எக்கோவை முழுசா எடுத்துடுங்க, பேஸைப் பாதிக்குக் கீழ இறக்குங்க" என்று பொறுமையாகச் சொன்னார். அதற்கப்புறம் வந்த சத்தமே வேறு. பந்திக் கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட வாசல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

கிருஷ்ணகிரி, மாப்பிள்ளையின் சித்தப்பா:

எங்கள் வீட்டில் வீணை மட்டும், கூட மிருதங்கம். பெங்களூரிலிருந்து வரவழைத்தோம். இரண்டு பேருக்கு 22,000, வண்டிக்குத் தனியாக 6,000.

வண்டி வாடகையில் நான் பேரம் பேசினேன். சின்ன காரில் வந்துவிடுங்களேன் என்றேன். வீணை வாசிக்கும் பெண் சிரித்துவிட்டு விளக்கினாள். வீணையைப் படுக்க வைத்தால் பின் சீட் முழுக்க அதற்கே போய்விடும். அதோடு, வீணையில் இருக்கிற 24 மெட்டுகளும், அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கிற குறுக்குக் கட்டைகளும், கறுப்பு மெழுகில்தான் பதிந்திருக்கின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் காரை மண்டப வாசலில் நிறுத்தி ஏசியை அணைத்துவிட்டால் மெழுகு இளகும், மெட்டு ஒரு நூல் நகர்ந்தாலே சுருதி போச்சு. அதனால் ஏசி வண்டி, நேராக மண்டபத்துக்குள் கொண்டுபோய் வைக்க ஓர் அறை. அவள் கேட்டது இவ்வளவுதான். கிருஷ்ணகிரி வெயில் நமக்குத் தெரியாததா? வாய் திறக்காமல் 6,000 கொடுத்தேன்.

வந்ததும் அந்த அறையில் உறையைப் பிரித்து, ஒவ்வொரு மெட்டிலும் விரலை வைத்து மீட்டிப் பார்த்தாள். தலையணை உறை மாதிரி ஒரு பழைய பருத்தித் துணியால் தந்திகளைத் துடைத்தாள். எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ரிசப்ஷனைவிட அதைத்தான் இன்னும் பேசுகிறார்கள்.

வீணை வைக்க நினைப்பவர்களுக்கு: அதன் சத்தம் சன்னமானது. 500 பேர் மண்டபத்தில் சும்மா முன்னால் மைக் வைத்தால் பேச்சுச் சத்தமும் சேர்ந்துதான் போகும். வீணையிலேயே ஒட்டுகிற சின்ன மைக் மாதிரியான பிக்கப் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஓசூர், மணப்பெண்ணே எழுதுகிறேன்:

நாங்கள் வைத்தது மேற்கத்திய முறை குழு. இரண்டு வயலின், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா ஒன்று, அதைவிடப் பெரிய செல்லோ ஒன்று. பெங்களூரில் இவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஓசூருக்கு 40 கிலோமீட்டர்தான் என்பதால் வண்டிச் செலவு பெரிதில்லை. ஆனால் சம்பளம் அதிகம். இரண்டு மணி நேரத்துக்கு 70,000 ஆனது. அவர்கள் நோட்ஸ், அதாவது எழுதி வைத்த இசைக் குறிப்பு, பார்த்து வாசிப்பவர்கள். நாங்கள் தமிழ்ப் பாட்டுகள் கேட்டோம், கையில் இல்லாத பாட்டுக்கு நாலு வாத்தியத்துக்கும் பிரித்து எழுத பாட்டுக்கு 2,500. நாலு பாட்டு எழுத வைத்தோம். அதை எழுதியவருடைய உழைப்பைக் கேட்டபோது எனக்கு அந்தக் காசு உறுத்தவில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலி நாலு கேட்டார்கள், வில்லை இழுக்க முழங்கைக்கு இடம் வேண்டுமாம். மண்டபத்தில் எல்லாமே கைப்பிடி வைத்தது, சாப்பாட்டுக் கூடத்து நாற்காலியை எடுத்துப் போட்டோம்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். ரிசப்ஷன் நடந்த ஹோட்டலில், சினிமாப் பாட்டு வாசிப்பதால் பாட்டு உரிமைக்கு லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும் என்று கடைசி நேரத்தில் நின்றார்கள். என் மாமா வழக்கறிஞர், அவர்தான் பேசினார். காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(இசட்ஏ): மதச் சடங்குகளில் இசைப்பது மீறல் ஆகாது, அதில் கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய மற்ற விழாக்களும் சேர்த்தி. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்வணிக மேம்பாட்டுத் துறையும் இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பு கொடுத்தது. அதைப் போனில் எடுத்துக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். உங்களிடம் யாராவது கேட்டால் பிரிவைச் சொல்லுங்கள்.

சேலம், வயலின் வாசிப்பவன்:

தர்மபுரி, கிருஷ்ணகிரி கல்யாணங்களுக்கு நான் வருஷக்கணக்காக வருகிறேன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

ஆளுக்கு 6,000, 8,000 என்பது இரண்டரை மணி நேரத்துக்கான கூலி என்று நினைக்காதீர்கள். ஆறரைக்கு ஆரம்பம் என்றால் நாங்கள் நாலரைக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். அதற்கு மதியமே கிளம்ப வேண்டும். பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வர எட்டாகும், சில வீட்டில் ஒன்பது. பத்து மணி ஆனால் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள், அதனால் காத்திருந்ததே அதிகமாகவும் வாசித்தது குறைவாகவும் போகும். வீடு திரும்ப நடுராத்திரி. வயலினுக்கு நல்ல தந்தி ஒரு செட் சில ஆயிரம் ஆகிறது. தை, வைகாசி, ஆவணியில் ஒரே முகூர்த்த நாளில் பல வீட்டில் கூப்பிடுவார்கள், ஒன்றுக்குத்தான் போக முடியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே கிடையாது.

சாப்பாடு பற்றிச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கடைசிப் பந்தி முடிந்து இலை காலியான பிறகு எங்களைத் தேடுகிற வீடும் உண்டு. பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டில், ஆரம்பிக்கும் முன்னாலேயே பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, முதல்ல சாப்பிட்டுட்டு வந்து வாசிங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். முடிந்ததும் தாம்பூலத்தட்டில் வெற்றிலை பாக்கோடு மீதிப் பணத்தை வைத்து, எங்கள் நாலு பேரையும் மேடையில் நிற்க வைத்துக் கொடுத்தார். அந்த வீட்டுக்கு எப்போது கூப்பிட்டாலும் பேசிய காசுக்குப் போவேன்.

பேசும்போது இதையெல்லாம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: எத்தனை மணிக்கு ஆரம்பம், நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, வண்டி யார் பொறுப்பு, மைக் செட் யாருடையது. அட்வான்ஸ் கொடுத்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால் இரண்டு பக்கமும் நிம்மதி. ஏஜென்ட் வழியாக வைத்தாலும் தப்பில்லை, வேலை செய்கிறவருக்குக் கமிஷன் நியாயம்தான். ஆனால் வாசிக்கிறவருக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மீண்டும் தர்மபுரி:

ஆட்களை எங்கே தேடுவது என்று கேட்டிருந்தார்கள். கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, குரலிசை, நாதஸ்வரம், தவிலோடு வயலின், மிருதங்கமும் சொல்லித் தருகிறார்கள். அங்கே போய் ஆசிரியர்களிடம் கேட்டால், வெளியில் வாசிக்கிறவர்கள் யார் என்று சொல்வார்கள். கோயில் திருவிழாக் கச்சேரிக்கு வருகிறவர்களிடம் நேரிலேயே நம்பர் வாங்கலாம், வாசிப்பையும் கேட்டுவிடலாம். ஆவணி முகூர்த்தம் பார்ப்பவர்கள் ஆனி கடைசியிலேயே பேசிவிடுங்கள். வீணை அம்மாவும் வயலின்காரரும் நம்பரைக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள், வேண்டுமென்பவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள்.